கொந்தரப்புக்காரி மகளுக்கு

மெர்சி,

வீடு நிறைய ஆட்கள். பந்தல் போட வந்தவர்கள் ஒரு பக்கம், பலகாரம் சுட வந்தவர்கள் ஒரு பக்கம். இந்தச் சந்தடியில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச முடியாது. பேசினாலும் நான் பாதியில் கோபப்பட்டுவிடுவேன், நீ பாதியில் சிரித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கல்யாணம் முடிந்ததும் நீ பதுளைக்குப் போய்விடுவாய். அங்கே போய் ஆற அமரப் படி. வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் வாழ்கிறவர்களுக்கு ரகசியம் ஏது? நம் காம்பராவில் முணுமுணுத்தால் மூன்றாவது காம்பராவிலிருந்து பதில் வருகிறது.

கல்யாணப் பெண்ணுக்கு அம்மா எழுதும் கடிதத்தில் மாமியாரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் இருக்க வேண்டும். உனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. உன் மாமியாரை நீ எப்படி மடக்கினாய் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். நான் எழுதப்போவது உன் வேலையைப் பற்றி. அதிகச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, பிடித்த வேலைக்குத் திரும்பினாயே, அதைப் பற்றி. அன்றைக்கு நான் உன்னோடு போட்ட சண்டை லுணுகலை டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சண்டைக்காக மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள்தான். நீ அவற்றுக்குப் பதில் சொன்ன விதம்தான் என்னை எழுத வைத்தது.

நீ பதுளைப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கப் போனபோது சித்திர வகுப்பில் இடமில்லை என்று உன்னை மேல்நாட்டுச் சங்கீத வகுப்பில் தள்ளினார்கள். அதற்கு நான் அழுத அழுகை உனக்கு ஞாபகம் இருக்கும். படம் வரையத் தெரிந்தாலாவது போர்டு எழுதிப் பிழைக்கலாம், பாட்டு எழுதி என்ன செய்வது என்பது என் எண்ணம். நீயோ லீவுக்கு வரும்போதெல்லாம் தோட்டத்து வேதக் கோயிலில் இருந்த கீபோர்டை விட்டு நகரமாட்டாய். ரேடியோவில் எது வந்தாலும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கோடு போட்ட தாளில் குட்டிக் குட்டிப் புள்ளியாக எழுதுவாய். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த உன் அப்பா அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்து, “இது பாட்டா? கம்பியில குருவி உக்காந்த மாதிரி இருக்கு” என்றார். நீ அந்தக் குருவிகளைப் பாடிக் காட்டினாய். அவர் தாளைப் பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

படிப்பு முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டாச்சா? எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருந்தாய். நடுவில் ஒருநாள் பழைய கம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாய். இன்டர்நெட்டில் வேலை செய்யப்போகிறேன் என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அங்கயும் ஒரு பெரட்டுக்களம் இருக்கும்மா” என்றாய். “ஒலகம் பூரா உள்ளவங்க அவங்க வேலைய அங்க கொண்டாந்து போடுவாங்க. என்னால முடியும்னு நான் கை தூக்கணும். வெலையும் நானே சொல்லணும்.”

“பெரட்டுக்களத்துல போயி வெல சொன்ன மொத ஆளு நீயாத்தான் இருப்ப” என்றேன். விடியற்காலையில் வரிசையாக நின்று, கணக்கப்பிள்ளை காட்டிய மலைக்குப் போவதுதான் எனக்குத் தெரிந்த பெரட்டு. “சரி, மணிக்கணக்கா? நாள்பேரா?”

“ரெண்டும் இல்ல. வேலைய முடிச்சுக் குடுத்தா காசு.”

“அப்போ கொந்தரப்புன்னு சொல்லு.”

நீ சிரித்தாய். கொந்தரப்பு என்றதும் எனக்கு நிம்மதி. உன் அப்பா கவ்வாத்து மலையில் அப்படித்தான் வேலை செய்தார். அளந்து கொடுத்த செடிகளை வெட்டி முடித்தால் மத்தியானமே வீட்டுக்கு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். முடிக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும், பாதி நாள் கூலி. நல்லதும் கெட்டதும் தெரிந்த வேலை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

உனக்கு முதலில் கிடைத்தது ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த வேலை. அங்கே ஒரு சின்னக் கோயில். அதில் பாடும் சில பேர். அவர்களுடைய பழைய பாட்டுகள் எல்லாம் கெசட் டேப்பில்தான் இருக்கின்றன, எழுத்தில் இல்லை. கேட்டு எழுதித் தர ஆள் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நம் வீட்டு போனில் இன்டர்நெட் நத்தை மாதிரி ஊரும் என்பதால், பசறை வழியாக பஸ்ஸில் பதுளைக்குப் போய், கடையில் பாட்டுகளை இறக்கிக்கொண்டு வருவாய். பிறகு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிட்டது கேட்காது. அந்த ஜனங்களின் பாஷை உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் எங்கே மூச்சு வாங்குகிறார்கள், எங்கே ஒரு கிழவர் மட்டும் பிந்தி வருகிறார் என்பதெல்லாம் நீ சொல்லிச் சொல்லி எனக்கே அத்துப்படியாகிவிட்டது. காசு கொஞ்சம்தான். நீ வேலை முடித்து எழுந்து வரும் முகத்தைப் பார்த்தால் அதைக் கேட்க மனசு வராது.

அந்த சந்தோஷத்தில்தான் கோயிலில் எழுந்து நின்று, “மகளுக்கு வெளிநாட்டு வேலை கிடைச்சிருக்கு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று சாட்சி சொன்னேன். வெளிநாட்டு வேலை என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: அரபு நாடு. மறுநாளே பக்கத்து லயத்து ராணி தன்னுடைய சூட்கேசைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி ஊறுகாய், ஒருத்தி கம்பளி. குவைத்தில் இருந்து வந்தவள் உன்னை உட்கார வைத்து, வீட்டுக்காரியிடம் பாஸ்போட்டைக் கொடுக்காதே என்று புத்தி சொன்னாள். போதகர் வழியனுப்பும் ஜெபத்துக்கு நாளே குறித்துவிட்டார். நீ அடுத்த வாரமும் பீலியில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறாய். நான் சொன்னது பொய்யில்லையே என்று சாதித்தேன், இன்றைக்கும் சாதிப்பேன். நீதான் வீடு வீடாகப் போய், சூட்கேசைத் திருப்பிக் கொடுத்து, “வேலதான் வெளிநாடு அக்கா, நான் இங்கதான்” என்று விளக்கினாய். ஊறுகாயை மட்டும் யாரும் திருப்பி வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த நல்ல சம்பளம் வந்தது. கடன் வசூலிக்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பனி. கடன் வாங்கினவர்களோடு போனில் பேசுவதையெல்லாம் பதிவுசெய்து அனுப்புவார்கள். நீ கேட்டு அப்படியே டைப் பண்ண வேண்டும். உன் இங்கிலீசும் உன் காதும் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மாதா மாதம் தவறாமல் பணம் வந்தது. பாட்டு எழுதிக் கிடைத்ததோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்தப் பணத்தில்தான் நம் கூரைத் தகரம் மாறியது. அந்தப் பணத்தில்தான் உன் அப்பாவுக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தது. அதனால் பணத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, நீயும் சொல்லாதே. அந்த நேரத்தில்தான் பதுளையிலிருந்து டேனியல் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதும் பையன், நல்ல குணம். பெண் மாதச் சம்பளம் வாங்குகிறாள் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவன் அம்மா இரண்டு தடவையும் தலையாட்டினார்கள்.

நீ பாட்டு எழுதுவதை நிறுத்திவிட்டாய், நேரமில்லை என்றாய். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் பிறகு கோயிலிலும் நீ பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றாய். பிள்ளைக்காம்பராவில் இத்தனை வருஷம் ஊராரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய் காலையில் விட்டுவிட்டுப் போகும்போது எந்தக் குழந்தை அழுகிறது என்பதை விட, எந்தக் குழந்தை சத்தம் போடாமல் இருக்கிறது என்பதைத்தான் கவனிப்பேன். உன்னையும் கவனித்தேன். என்னவென்று கேட்டேன்.

“ஒரு பொம்பள, அம்மா” என்றாய். “பிள்ளைக்கு சொகமில்ல, அடுத்த மாசம் கட்டுறேன்னு கெஞ்சுது. கம்பனிக்காரன் விடாம கேட்டுக்கிட்டே இருக்கான். அது அழுவுறத நான் எழுதணும். ‘அழுகிறார்’னு எழுதி, எத்தன செக்கன் அழுதுச்சுன்னும் போடணும். தெனமும் இதுதான். இப்ப யாரு பாடினாலும் எனக்கு அந்தக் கொரலுதான் கேக்குது.”

நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். “நாங்க மட்டும் புடிச்சா மலைக்குப் போனோம்? அட்டை கடிக்கும்போது புடிச்சிருக்கான்னு கேட்டுட்டா கடிக்குது?” என்றேன். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் நீ அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றபோது கத்தினேன். கூரை மாறியது, கண் தெரிந்தது, இனி யார் காசு? கல்யாணச் செலவுக்கு யார் காசு? டேனியல் வீட்டாரும் பண்டிகைக்கு வருகிறார்கள், அன்றைக்கே நிச்சயதார்த்தத்துக்கு நாள் பேசுவதாக ஏற்பாடு. “நாள் குறிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்” என்றேன். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பதும், ஆராதனை முடிந்து அதையெல்லாம் ஏலம் விடுவதும் நம் கோயில் வழக்கம். பூசணிக்காய், லீக்ஸ், சேவல், வாழைத்தார். சம்பளக்காரர்கள் கவரில் காசு வைப்பார்கள். நீயும் கனமாக ஒரு கவர் வைப்பாய், டேனியல் அம்மா பார்ப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நீ கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளைக் கொண்டுபோய் லீக்ஸுக்கும் சேவலுக்கும் நடுவில் சாய்த்து வைத்தாய். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஏலம் விட்டது தேயிலை ஸ்டோரில் வேலை பார்க்கும் சாமுவேல் அண்ணன். சட்டத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது யாரு வச்சது? எந்தப் பக்கம் மேல?”

நீ எழுந்து நின்றாய். “நான்தான் மாமா. என் வேலையோட முதற்பலன். நம்ம கோயில் நன்றிப் பாட்டு. நாம பாடுற மாதிரியே எழுதியிருக்கேன்.”

யாரும் விலை கேட்கவில்லை. டேனியல் அம்மா என் பக்கம் குனிந்து, “கம்பனி வேலைன்னு சொன்னீங்களே” என்றார்கள். சாமுவேல் அண்ணன் மனுஷர் இக்கட்டைப் புரிந்துகொண்டு, “சரி, வாசிச்சுக் காட்டு. சரக்கு என்னான்னு தெரிஞ்சாத்தானே வாங்கலாம்” என்றார். நீ போய் கீபோர்டில் உட்கார்ந்தாய்.

நம் சனங்கள் அந்தப் பாட்டின் மூன்றாவது வரியை இழுப்பார்கள். புத்தகத்தில் அப்படி இல்லை. கீபோர்ட் வாசிக்கும் வேதமணி மாஸ்டர் எத்தனையோ வருஷம் திருத்திப் பார்த்தார். அவர் முன்னால் போய்விடுவார், நாங்கள் பின்னால் வருவோம். நீ வாசிக்க ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து தானாகவே பாட்டு எழும்பியது. மூன்றாவது வரி வந்தது. எல்லோரும் வழக்கம்போல் இழுத்தார்கள். கீபோர்ட் அவர்களோடு நின்றது. அவர்கள் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போனது. கோயில் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது மெர்சி, பாடிக்கொண்டே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. நீ பாடிக்கொண்டிருந்தாய், அதைப் பார்த்தேன்.

மேட்டு லயத்துப் பெண்கள் சேர்ந்து அதை ஏலத்தில் எடுத்து கோயிலுக்கே கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அன்றைக்குப் பூசணிக்காய் அதைவிட அதிக விலைக்குப் போனது.

தேத்தண்ணி கொடுக்கும் நேரத்தில் நீ நேரே டேனியல் அம்மாவிடம் போனாய். நான் கண்ணால் சாடை காட்டினேன், நீ பார்க்கவேயில்லை. “அத்தை, கம்பனி வேலைய விட்டுட்டேன். இனிமே இந்தப் பாட்டு வேலதான். அதுல பாதிகூட இதுல வராது. ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராம போகும். இத தெரிஞ்சுக்கிட்டு நாள் பேசுங்க” என்றாய். டேனியல் உன்னைப் பார்த்தான். அவன் அம்மா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று பஸ் ஏறிவிட்டார்கள்.

பிறகு எத்தனையோ வாரம் ஒரு தகவலும் இல்லை. உன் அப்பா ஒன்றும் பேசவில்லை, நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். நல்ல சம்பந்தத்தைப் புள்ளி புள்ளியாக எழுதிக் கெடுத்துவிட்டாய் என்றேன். நீயோ காலையில் எழுந்தாய், தீவுக்காரர்களுக்கு எழுதினாய், அவர்கள் மூலமாக இன்னொரு பாடகர் குழுவைப் பிடித்தாய், முன்பைவிடக் கூடுதல் விலை சொல்லி அதை வாங்கவும் செய்தாய். ஒரு பெண் கல்யாணம் தவறிப்போகும் என்று தெரிந்தே உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தன் வேலையைப் பார்ப்பதை நான் அதுவரை கண்டதில்லை. திட்டிக்கொண்டேதான் உன்னை வியந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டேனியல் அம்மா தனியாக பஸ் பிடித்து வந்து இறங்கிய நாளில் நீ பதுளைக்குப் போயிருந்தாய். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். “என் மூத்த மருமகளுக்கு என்னா சம்பளம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. கேட்டா ஒரு நாளைக்கு ஒன்னு சொல்லும். ஒங்க பொண்ணு கேக்காமலே சொல்லிருச்சு. மவனும் வேற பொண்ணு வேணாங்கிறான். சோத்துக்கு அவன் ஒழைப்பான், பொய்யில்லாம ஒருத்தி வரட்டும்.” அந்த அம்மாவை நான் லேசாக எடைபோட்டுவிட்டேன். நீ சரியாக எடைபோட்டிருந்தாய்.

இனி நான் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். பிடித்த வேலை என்பதற்காகக் குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்ளாதே. உனக்கு அதில் சந்தோஷம் என்று தெரிந்தால் சும்மா செய்யச் சொல்லவும் ஆட்கள் வருவார்கள், கோயில் ஆட்கள்தான் முதலில் வருவார்கள். வீட்டிலேதானே இருக்கிறாய் என்று கடைக்குப் போ, பிள்ளையைப் பார் என்று சொல்லுவார்கள். வேலை நேரத்தில் கதவைச் சாத்திக்கொள், நான் வந்து தட்டினாலும் திறக்காதே. உன் கையில் உனக்கென்று காசு இருக்கட்டும், டேனியல் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும். ஒரு காலம் வந்து, கஷ்டம் வந்து, அந்தக் கம்பனி மாதிரி வேலைக்கு மறுபடி போக நேர்ந்தால் போ. வெட்கப்படாதே. கூரை போட்ட பணம் அது. ஆனால் வாயை மூடிக்கொண்டு கோயிலில் நிற்கிற நிலை வந்தால் வீட்டுக்கு வா. அரிசி இருக்கும்.

கூறைச் சேலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் நீ ஒன்று கேட்டாய். “அம்மா, ஒங்களுக்கு எந்த வேல புடிக்கும்?” நான் எரிந்து விழுந்தேன். பெரட்டில் பேர் கூப்பிட்டால் மலைக்குப் போனேன், முட்டி வலித்ததும் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள், இதில் பிடிப்பது என்ன பிடிக்காதது என்ன என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்குக் கோபம் உன் மேல் இல்லை. இவ்வளவு வயதில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, பதிலும் என்னிடம் இல்லை.

குழந்தைகள் தூங்கும் மத்தியான வேளைகளில் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு வருகிறேன். ஒரு பக்கம் போதும் என்று ஆரம்பித்தேன். எழுதிய வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். உன் மாமியார் சொன்னதை அவர்கள் குரலிலேயே எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நடந்து, நேற்று வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இவள் என்ன எழுதிக்கொண்டே இருக்கிறாள் என்று உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். இதற்கு யாரும் எனக்குச் சம்பளம் தரப்போவதில்லை. முடித்துவிட வேண்டும் என்று தெரிகிறது மெர்சி, முடிக்கத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

அம்மா